பிளேனுக்குச் சுதி சேர்ப்பது: ஏரோபாட்டிக் மாதிரி விமானத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டர்பனில் டிசம்பர் மாதம் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அந்த நேரத்தில் திடலைச் சுற்றியுள்ள கரும்புத் தோகைகூட அசையாது. பிளேனை ட்ரிம் செய்ய, அதாவது குச்சியைத் தொடாவிட்டாலும் நேராகப் பறக்கும்படி சரிசெய்ய, அதைவிட நல்ல பொழுது எனக்குத் தெரிந்து கிடையாது. வெயில் ஏறி வடகிழக்குக் கடற்காற்று எழுந்துவிட்டால், இடப்பக்கம் சாய்வது பிளேனின் குணமா காற்றின் வேலையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அலாரம் வைத்து எழுந்திருங்கள்.

இது ட்ரெய்னர் என்னும் பழகும் பிளேன் ஒன்றில் ஏற்றி இறக்கப் பழகி, கிளப்பில் தனியாகப் பறக்கவிடும் சோலோ தேர்வு முடித்து, வானில் வித்தை காட்டும் முதல் ஏரோபாட்டிக் பிளேனை வாங்கிவிட்டவர்களுக்காக எழுதுவது. ட்ரெய்னரின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், இரு முனையும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். நீங்கள் கையிலுள்ள ரேடியோவின் குச்சியை விட்டால் அது தானாகவே நிமிர்ந்துகொள்ளும். ஏரோபாட்டிக் பிளேனின் இறக்கை நடுவிலோ கீழேயோ இருக்கும், மேலும் கீழும் ஒரே வளைவாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்பி விடுகிறீர்களோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும், தலைகீழாக விட்டால் தலைகீழாகவே போகும். அந்த நேர்மைதான் அதன் அழகு. ஆனால் உடம்பில் எங்கே சிறு கோணல் இருந்தாலும் அது பறப்பில் தெரிந்துவிடும்.

நான் முதல் பிளேனை எடுத்துக்கொண்டு போனபோது, கோணலையெல்லாம் ரேடியோவில் மிக்ஸ் போட்டு, அதாவது ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் தானாகச் சேர்ந்து அசையும்படி வைத்து, சரிசெய்துகொண்டிருந்தேன். திடலில் எல்லாரும் அண்ணா என்று கூப்பிடும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ரேடியோவ கீழ வைப்பா. மொதல்ல பிளேன நேராக்கு" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் விரிவுதான். பிளேனில் சரிசெய்ய முடிந்ததைப் பிளேனில் சரிசெய்யுங்கள், மிச்சம் இருப்பது மட்டும் ரேடியோவுக்குப் போகட்டும்.

வரிசையும் முக்கியம். மிருதங்கத்தில் ஒரு கண்ணில் தட்டினால் எதிர்ப்பக்கத்துச் சுருதியும் மாறுவதுபோல, இங்கே ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். ஈர்ப்பு மையத்தை மாற்றினால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரின் ட்ரிம் மாறும்; மூக்கை இடவலம் திருப்பும் செங்குத்து வால் மடலான ரட்டரைத் தொட்டால், பிளேனை உருட்டும் இறக்கை மடலான எய்லரானின் ட்ரிம் மாறும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

எந்தப் பிளேன் என்று கேட்பவர்களுக்கு: 1.2 முதல் 1.5 மீட்டர் இறக்கை அகலமுள்ள, மின் மோட்டாரில் ஓடும் ஃபோம் பிளேன் போதும். விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எஃப்3ஏ என்னும் ஏரோபாட்டிக் மாதிரி விமானப் போட்டிகளில் பறப்பவை இரண்டு மீட்டர் நீள அகலத்துக்குள், ஐந்து கிலோவுக்குள் இருக்கும் பெரிய பிளேன்கள். அதன் உலகப் போட்டி 2013-ல் நம் தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. அந்தப் பிளேன்களை ட்ரிம் செய்யும் முறையும் உங்கள் சின்னப் பிளேனை ட்ரிம் செய்யும் முறையும் அடிப்படையில் ஒன்றுதான்.

மேசையில்

முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ரேடியோவில் ஒரு சுவிட்சைத் தவறாகத் தொட்டால் மின் மோட்டார் ஒரு நொடியில் முழு வேகம் எடுக்கும். விரல் போனால் வராது. கடைசியில் எடை பார்க்கும்போது தவிர, மேசை வேலை முடியும்வரை அது வெளியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது நேர் பார்ப்பது. நீளாத நூல் ஒன்றை உடலின் பின்முனை நடுவில் கட்டி, வலது இறக்கை முனைவரை அளந்து, அதே நூலை இடது முனைக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பிளேனுக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வால் இறக்கையும் பெரிய இறக்கையும் ஒரே மட்டத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். கண் நம்பிக்கை தராவிட்டால், பெரிய இறக்கை சமமாக இருக்கும்படி ரசமட்டம் வைத்து நிறுத்திக்கொண்டு, வால் இறக்கையிலும் அதை வைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் செங்குத்து வாலுக்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் பத்துப் பறப்பை வீணாக்குகிறார்கள்.

எய்லரான், எலிவேட்டர் கீல்களில் இடைவெளி இருந்தால், அடிப்பக்கத்தில் மெல்லிய ஒளிபுகும் டேப்பால் அடைத்துவிடுங்கள். அசையும் பகுதியை முழுக்க மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டினால்தான் டேப் அதன் அசைவைத் தடுக்காது. அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்தால், ஒரே குச்சி அசைவுக்கு ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் பதில் வரும்.

இனி சர்வோ, அதாவது மடல்களை அசைக்கும் சிறு மோட்டார். ரேடியோவில் ட்ரிம் எல்லாம் நடுவில் இருக்கும்போது சர்வோவின் கை, அதிலிருந்து மடலுக்குப் போகும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்கோணமாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள், மிச்சமுள்ள சிறு வித்தியாசத்துக்கு மட்டும், ரேடியோவில் சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் சப்-ட்ரிம். எய்லரானோ எலிவேட்டரோ நேர்கோட்டில் இல்லையென்றால் புஷ்ராடின் முனையில் உள்ள க்ளெவிஸ் கொக்கியைத் திருகி நீளத்தை மாற்றுங்கள். புஷ்ராடை சர்வோ கையில் உள்துளையிலும், மடலில் உள்ள கையான ஹார்னில் வெளித்துளையிலும் மாட்டுங்கள். அசைவு குறையும், ஆனால் பிடி உறுதியாகவும் நுட்பமாகவும் இருக்கும். சர்வோ கையின் வெளித்துளையில் மாட்டிவிட்டு ரேடியோவில் அசைவை 50 சதவீதத்துக்குக் குறைப்பவர்கள், சர்வோவின் பாதித் துல்லியத்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

எலிவேட்டர் இரண்டு பாதிகளாக, இரண்டு சர்வோக்களோடு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நடுவில், முழு மேலே, முழு கீழே என்று மூன்று இடத்திலும் இரு பாதியும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு லூப்பிலும், அதாவது செங்குத்து வட்டத்திலும், பிளேன் தானாக உருளும், நீங்கள் எய்லரானைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ரேடியோவில் இந்தப் பிளேனுக்கென்று புது மாடல் நினைவகம் திறந்துகொள்ளுங்கள். பிளேனுக்குப் பின்னால் நின்று திசை பாருங்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரட்டர் குச்சி போகும் பக்கமே போக வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லியபடி ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பாருங்கள். எய்லரான் தலைகீழாக மாறியிருந்த பிளேன் திடலைத் தாண்டிப் போனதில்லை. த்ராட்டில் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. மோட்டாரை ஓடாமல் நிறுத்தும் த்ராட்டில் கட் ஒரு சுவிட்சில், ரேடியோ தொடர்பு அறுந்தால் இயங்கும் ஃபெயில்-சேஃப் த்ராட்டில் பூஜ்யத்தில். இரண்டையும் வைத்துவிட்டால் மட்டும் போதாது, சுவிட்சைத் தட்டியும் ரேடியோவை அணைத்தும் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அசைவு அளவுகள்: தொடக்கத்துக்கு எய்லரான் 12 முதல் 15 டிகிரி, எலிவேட்டர் 10 முதல் 12 டிகிரி, ரட்டர் 25 முதல் 30 டிகிரி. கோணமானி இல்லையென்றால் அளவுகோலே போதும். 40 மி.மீ. அகலமுள்ள எய்லரான் 15 டிகிரி திரும்பினால் அதன் பின்விளிம்பு ஏறத்தாழ 10 மி.மீ. நகரும். பெட்டியோடு வரும் கையேட்டில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கலாம், அவை பெரும்பாலும் பிளேனைக் காற்றில் தொங்கவிடுவது போன்ற 3டி பறப்புக்கானவை. அவற்றை, அசைவு அளவை மாற்றும் டூயல் ரேட் சுவிட்சின் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எக்ஸ்போ 25 முதல் 35 சதவீதம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்க ஃபுடாபா ரேடியோவில் எக்ஸ்போ மைனஸில் போட வேண்டும், ஸ்பெக்ட்ரமில் பிளஸில். நண்பரின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் பிளேன் நடுவில் மென்மையாவதற்குப் பதில் துள்ளும். திரையில் வரும் வளைகோட்டைப் பார்த்து, நடுவில் சரிவு குறைகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக எடைச் சமநிலை. பறக்கும்போது இருப்பதுபோல் ப்ரொப்பெல்லர் மாட்டி, பேட்டரி உள்ளே இருக்கட்டும், ஆனால் பேட்டரியை இணைக்க வேண்டாம். ஈர்ப்பு மையம் பெரும்பாலும், இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் வரும். கையேடு ஓர் இடைவெளி கொடுத்திருந்தால் அதன் முன் எல்லையிலிருந்து தொடங்குங்கள். மூக்குக் கனமான பிளேன் மந்தமாகப் பறக்கும், ஆனால் வீடு வந்து சேரும். வால் கனமான பிளேன் முதல் பறப்பிலேயே உங்கள் கையை மீறும். இடம் சரியானதும் பேட்டரி எங்கே உட்கார்ந்தது என்று உள்ளே டேப்பில் கோடு போட்டுவிடுங்கள். பிறகு மூக்குக் கூம்பான ஸ்பின்னரை ஒருவரும் வாலை ஒருவரும் விரல் நுனியில் பிடித்துத் தூக்குங்கள். ஒரு பக்க இறக்கை திரும்பத் திரும்பத் தாழ்ந்தால் மறுபக்க முனையில் சிறு எடை ஒட்டுங்கள்.

முதல் காலை

திடலில் ரேஞ்ச் செக் செய்யாமல், அதாவது ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்காமல், ஏற்ற வேண்டாம். தனியாக ஏதோ ஒரு மைதானத்துக்குப் போகவும் வேண்டாம். தென்னாப்பிரிக்க மாதிரி விமானச் சங்கத்தோடு, நாம் சாமா என்று சொல்கிறோமே, அதோடு இணைந்த கிளப் திடல்தான் இதற்கு இடம். டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் கரும்புக் காடு பரந்து கிடப்பதைப் பார்த்து ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் 2010-ல் கிங் ஷாகா விமான நிலையம் அங்கே திறந்ததிலிருந்து அந்த வானம் பயணிகள் விமானங்களுக்கானது.

முதல் பறப்பில் வித்தை எதுவும் வேண்டாம். நல்ல உயரத்துக்குப் போய், மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டிலில், நேராகவும் மட்டமாகவும் பறக்க விடுங்கள். எலிவேட்டர் ட்ரிம், பிறகு எய்லரான் ட்ரிம். குச்சியை விட்டால் மூன்று நான்கு நொடி அப்படியே போக வேண்டும். இறங்கியதும், ட்ரிம் எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலைக்கு க்ளெவிஸைத் திருகிவிட்டு, ரேடியோ ட்ரிமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அண்ணா சொன்னது இங்கேதான் முதலில் கைகொடுக்கும்.

இரண்டாவது பறப்பில் ஈர்ப்பு மையத்தின் சோதனை. 45 டிகிரியில் மேலேறுங்கள், அப்படியே அரை உருட்டு உருட்டித் தலைகீழாக்குங்கள், எலிவேட்டரை விடுங்கள். பிளேன் சட்டென்று தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம். கோட்டிலேயே போய் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் சரியான இடம். தலைகீழாக இருந்தபடியே இன்னும் மேல்நோக்கி வளைந்து ஏறினால் வால் கனம், உடனே இறக்கிப் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். நகர்த்திய ஒவ்வொரு முறையும் எலிவேட்டர் ட்ரிமைத் திரும்பப் பார்க்க வேண்டும். அவசரப்படாதீர்கள். நான் இந்த ஒரு சோதனைக்கே இரண்டு மூன்று காலைகள் ஒதுக்குவேன். இதற்குப் பின் வரும் எல்லாச் சோதனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

பிறகு பக்கவாட்டுச் சமநிலையைப் பறப்பில் பாருங்கள். நிமிர்ந்து பறக்கும்போது சரியாக ட்ரிம் ஆன பிளேனைத் தலைகீழாக்கிக் குச்சியை விட்டால், கனமான இறக்கை தாழும். நிமிர்ந்த நிலையில் அந்தக் கனத்தை எய்லரான் ட்ரிம் தாங்கிக்கொண்டிருந்தது. தலைகீழானதும் ட்ரிமும் கனமும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன. இறுக்கமான லூப் ஒன்றை இழுத்துப் பார்த்தாலும் அதே இறக்கை பின்தங்கும். மறுமுனையில் சில கிராம் ஒட்டி, எய்லரானைத் திரும்ப ட்ரிம் செய்யுங்கள்.

கீழே போனால் ரட்டர், மேலே போனால் மோட்டார்

பலரும் குழம்பும் இடம் இது. பிளேன் மேலேறும்போது பக்கவாட்டில் ஒதுங்கினால் உடனே ரட்டர் ட்ரிமைத் தட்டுகிறார்கள். அப்போது கீழே வரும்போது மறுபக்கம் ஒதுங்கும்.

ரட்டரின் குறையையும் மோட்டாரின் குறையையும் பிரிக்க வழி இருக்கிறது. முதலில் உயரே போய், த்ராட்டிலை மூடி, பிளேனைச் செங்குத்தாகக் கீழே விடுங்கள். மோட்டார் இழுக்கவில்லை, ஆகவே இப்போது பக்கவாட்டில் திரும்பினால் அது ரட்டரின் வேலை. இங்கேதான் ரட்டர் ட்ரிமைத் தொட வேண்டும். இதே இறக்கத்தில் பிளேன் மெல்லத் தன் முதுகுப் பக்கம் வளைந்தால், த்ராட்டில் மூடியிருக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு சதவீதம் கீழ் எலிவேட்டர் சேரும்படி மிக்ஸ் போடலாம். இது ரேடியோவுக்கே உரிய வேலை, தயங்க வேண்டாம்.

ரட்டர் முடிந்த பிறகு மேலே. பிளேன் உங்களைவிட்டு விலகிப் போகும்போது முழு த்ராட்டிலில் செங்குத்தாக இழுங்கள். அதன் முதுகு உங்களைப் பார்க்கும், இடமும் வலமும் உங்கள் இடவலத்தோடு பொருந்தும். வேகம் இருக்கும் முதல் இரண்டு மூன்று நொடியை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் மோட்டாரின் மூக்கை இன்னும் வலப்பக்கம் திருப்ப வேண்டும், அதாவது மோட்டார் தாங்கியின் இடப்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வைக்க வேண்டும். திருகுகளுக்கிடையே 50 மி.மீ. இருந்தால், 0.9 மி.மீ. வாஷர் ஏறத்தாழ ஒரு டிகிரி. பெரும்பாலான பிளேன்கள் இரண்டு மூன்று டிகிரி வலச் சாய்வில் அமைதியாகிவிடும். பிறகு உங்கள் முன்னால் குறுக்காகப் பறந்து அதே போல் இழுத்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் வளைந்தால் மேல்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வைத்து மோட்டாரைச் சற்றுக் கீழ்நோக்குங்கள். காற்று அசைந்தால் இந்தச் சோதனையே பயனில்லை, வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வாருங்கள்.

மேலெழும் எய்லரானைவிடக் கீழிறங்கும் எய்லரானைக் குறைவாக அசைய வைக்கும் எய்லரான் டிஃபரன்ஷியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபக்கமும் ஒரே வளைவுள்ள இறக்கைக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேலேறியபடி மூன்று உருட்டு உருட்டினால் மூக்கு வட்டம் போடாமல் ஒரே புள்ளியில் சுழல வேண்டும். மூக்கு உருட்டும் திசைக்கு எதிராக ஒதுங்கினால் கீழ்நோக்கும் எய்லரானைக் கொஞ்சம் குறையுங்கள்.

நைஃப்-எட்ஜ் கடைசி. பிளேனைப் பக்கவாட்டில் சாய்த்து, ரட்டரால் மட்டும் தாங்கி, இருபக்கமும் பறந்து பாருங்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் ரட்டரோடு சிறிது மேல் எலிவேட்டர் சேரும்படியும், முதுகுப் பக்கம் இழுத்தால் கீழ் எலிவேட்டர் சேரும்படியும் மிக்ஸ். ரட்டர் கொடுத்ததும் அந்தப் பக்கமே உருண்டால் எதிர்ப்பக்க எய்லரான் மிக்ஸ். முன்னே சொன்னவை ஒழுங்காக முடிந்திருந்தால் இந்த மிக்ஸ் சதவீதங்கள் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். 15, 20 என்று போக வேண்டியிருந்தால் ஈர்ப்பு மையத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு

நம்மில் பலர் விடுமுறைக்கு டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள், பிளேனும் காரில் கூடவே வரும். கடல் மட்டத்தில் ட்ரிம் செய்த பிளேனின் நேர்மை மேட்டுநிலத்திலும் அப்படியே இருக்கும். மாறுவது காற்று. 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. 30 டிகிரி வெயிலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

முதன்முறை அங்கே பறந்தபோது எனக்கு இது புத்தக அறிவாக மட்டும் இருந்தது. டர்பனில் எந்த வேகத்தில் இறக்குவேனோ அதே வேகம் கண்ணுக்குத் தெரியும்படி இறக்கினேன். ஓடுபாதைக்கு இரண்டு ஆள் உயரத்தில் இடது இறக்கை சட்டென்று விழுந்தது. சக்கரக் கால் பிய்ந்து, உடலின் அடி கிழிந்தது. நாம் பார்ப்பது தரை மேல் ஓடும் வேகத்தை, இறக்கைக்குத் தெரிவதோ காற்றின் அழுத்தத்தை. மெல்லிய காற்றில் அதே தூக்குவிசைக்கு ஏறத்தாழ எட்டு முதல் பதின்மூன்று சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். ஆகவே அங்கே போனதும் முதல் வேலையாக நல்ல உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை விழுகிறது என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

குளிர்கால மேட்டுநிலம் வேறு. காலையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் லிப்போ பேட்டரி சோர்ந்துவிடும், ஏற்றும் வரை காருக்குள் சூடாக வைத்திருங்கள். புல் காய்ந்து கிடக்கும் மாதங்கள் அவை. விழுந்து நசுங்கிய லிப்போ தீப்பிடித்தால் வெளி முழுவதும் பற்றும். தீயணைப்பான் இல்லாத திடலில் ஜூலை மாதம் நான் பறப்பதில்லை.

ப்ரொப்பெல்லர் விஷயத்தில் எதிர்த்திசையில்தான் ஆபத்து. மேட்டுநிலத்துக்காரர்கள் இழுவை போதாமல் ஓர் அளவு பெரிய ப்ரொப்பெல்லர் போட்டுக்கொள்வார்கள், அது சரிதான். என் மருமகன் ஒருமுறை அங்கே 13 அங்குலத்தில் பறந்த பிளேனை அப்படியே டர்பனுக்குக் கொண்டுவந்தான். மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டு, "மாமா, மோட்டார் கை வைக்க முடியாத சூடா இருக்கு" என்றான். அடர்ந்த காற்றைத் தள்ள மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்திருக்கிறது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிந்திருக்கும், அதோடு ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவருக்குப் போகும் மின்சாரமும் நின்றிருக்கும். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும்போது பழைய 12 அங்குலத்தை மாட்டுங்கள். பிளேனை ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள, மின்னோட்டத்தை அளக்கும் வாட்மீட்டரை இணைத்து, முழு த்ராட்டிலில் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் அச்சிட்ட ஆம்பியரில் 80 சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் ஏற்றலாம்.